மறியலில் மாட்டிய கேழ்வரகு நாற்று

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதால்தான் நான் கல்வராயன் மலையைப் பார்த்தேன். கும்பகோணத்தில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. கடைக்குக் கடுக்காய் எல்லாம் அந்த மலையிலிருந்துதான் வரும். கள்ளக்குறிச்சியில் காதர் பாய் என்ற வியாபாரி மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடுவார், நாங்கள் இங்கே இறக்கிக்கொள்வோம். கொஞ்ச காலமாக மூட்டை வரவில்லை. படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமென்று தென்னார்க்காடு ஜனங்கள் சாலையில் இறங்கியிருந்த காலம் அது. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டோம் என்று லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடையில் கடுக்காய் டப்பா காலி. திரிபலா கேட்டு வருகிறவர்களுக்கு இருபலாதான் கொடுக்கலாம் என்ற நிலைமை.

"நீயே போய்ட்டு வந்துடேன்" என்றார், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி. ஏதோ எதிர்வீட்டில் உறைமோர் வாங்கிவரச் சொல்கிற மாதிரி. எனக்குக் கும்பகோணத்தை விட்டால் தஞ்சாவூர், மாயவரம், ஒரே ஒருமுறை திருப்பதி. கள்ளக்குறிச்சி எனக்கு வெளிநாடுதான்.

பஸ்ஸில் போகப் போக முதலில் வாய்க்கால் மறைந்தது, பிறகு பச்சை மறைந்தது, கடைசியில் காபி மறைந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காபி என்று கேட்டதற்கு ஒரு டம்ளரில் என்னவோ கொடுத்தார்கள். அதை நான் காபி என்று ஒப்புக்கொண்டால் எங்கள் தெருவில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த வேளையிலிருந்து டீக்கு மாறிவிட்டேன். டீ நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

காதர் பாய் கடை முழுக்கப் புளி வாசனை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாங்கம்மா, மறியல் நேரத்துல தனியா வந்துக்கிறீங்க? அவருக்கு இன்னா ஆச்சு?"

கால் கதையைச் சொன்னேன். கடுக்காயைப் பற்றிக் கேட்க வாயெடுத்தபோது கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி உருதுவில் என்னவோ அதட்டினார். பாய் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார். வெறும் வயிற்றோடு வந்த பெண்பிள்ளையிடம் வியாபாரம் பேசுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டாராம். உள்ளே கூட்டிப்போய்க் குஸ்காவும் தால்சாவும் போட்டார்கள். அந்தத் தால்சாவுக்காக வீட்டுக்காரருக்கு இன்னொரு கால் வழுக்கினாலும் தேவலை என்று தோன்றியது. தப்புத்தான், ஆனாலும் தோன்றியது.

சரக்கு மலைமேலேயே கிடக்கிறது, அங்கே தன் ஆள் சின்னத்தம்பி வைத்திருக்கிறான், ஜீப்பில் போய் முடிந்த மட்டும் எடுத்து வாருங்கள் என்றார் பாய். மறுநாள் காலையில் ஜீப் கிளம்பியது. அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண முடியவில்லை, ஏனென்றால் என் கழுத்தைத் திருப்ப இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் என்மேல் சாய்ந்த ஒருவர் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கோங்க" என்றார். நான்கைந்து வளைவுக்குப் பிறகு, "மொத்தமா எறங்கும்போது சொல்லிக்கோங்க" என்றேன்.

மேலே காற்று வேறு. வெயில் அடிக்கிறது, சுடவில்லை. சின்னத்தம்பி வீட்டில் இல்லை, பக்கத்துச் சரிவில் சாமைப் பயிரில் இருந்தார். போய்ப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. முள்செடியை வெட்டிக் கட்டுக்கட்டி, அதன்மேல் ஒரு கல்லை வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக அதைப் பயிர்மேல் இழுத்துக்கொண்டு போகிறார்கள். விரல் நீளப் பயிர். கட்டு போன தடத்தில் எல்லாம் படுத்துக்கிடக்கிறது, சிலது பிடுங்கிக்கொண்டும் வருகிறது.

"ஐயையோ, வளர்ற பயிர்மேல இழுக்கிறீங்களே!"

"நெருக்கமா கீதுங்க, கொஞ்சம் கலையட்டும்" என்றார் சின்னத்தம்பி. "சும்மா வுட்டா மேலாலயே வேரு வுட்டுக்கினு சொகுசா நிக்கும். ரவ மழ தள்ளிப்போச்சுன்னா படுத்துக்கும். இப்பவே நோவு பட்டுச்சுன்னா வேரு கீழ எறங்கும்."

"பிள்ளையையும் இப்படித்தான் வளர்ப்பீங்களா?"

"புள்ளைக்கு வேரு இல்லீங்களே" என்றார் அவர் மனைவி, கட்டைக் கீழே விடாமலே. "வாயிதானே கீது."

எங்கள் பக்கத்தில் பயிர் முகம் வாடினால் மடையைத் திறப்போம். அதற்குமேல் எங்கள் அப்பா வீட்டில் யாருக்கும் விவசாயம் தெரியாது என்று நினைக்கிறேன். பயிரை அடித்து வளர்க்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. ஆனால் மத்தியானம் அவர்கள் போட்ட சாமைச் சோற்றுக்கும் கொள்ளுச் சாற்றுக்கும் வயிறு உடனே ஒப்பியது.

அடுத்த நாள் இரண்டு மூட்டைக் கடுக்காயோடு கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். சின்னசேலம், நைனார்பாளையம் வழியாகப் போகிற வண்டி. நேற்றுவரை ஓடியது, இன்றைக்கு ஓடும், நாளைக்குத் தெரியாது என்றார் நடத்துனர். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் மடி ஜில்லென்று நனைந்தது. பக்கத்தில் வந்து குந்திய பெண்ணின் மடியில் பெரிய கேழ்வரகு நாற்றுக்கட்டு, அதிலிருந்து செந்தண்ணீர் ஒழுகுகிறது.

"ஏம்மா, புடவை எல்லாம் சேறு!"

"சேறு தோச்சா பூடும்க்கா. நாத்து பூட்டா வராது."

பஸ்ஸின் கூரைமேலும் அவளுடைய கட்டுகள்தான், பத்துப் பதினைந்து இருக்கும். பேர் தனபாக்கியம், நைனார்பாளையம் பக்கத்துக்காரி. கச்சிராயபாளையத்தில் அவள் அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்ததால் அங்கே நாற்று விட்டு, இப்போது பிடுங்கி எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் ஊர்க் கிணற்றில் இஞ்சின் போட்டால் ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் தண்ணீர் நின்றுவிடுமாம்.

நிலம் குத்தகை நிலம். சொந்தக்காரர் சின்னசேலத்தில் இருக்கிறார். போன பருவம் மழை ஏமாற்றிப் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. இந்தப் பருவமும் பச்சை தெரியாவிட்டால் மரவள்ளி போடுகிற வேறொருவருக்கு விட்டுவிடுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்திரையிலேயே புருஷனும் அவளுமாகச் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுது போட்டார்கள். கோடையில் பெய்த இரண்டொரு மழையும் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. பட்டி போட்டு ஆட்டெருவும் விழுந்திருக்கிறது. இனி நாற்றுத்தான் பாக்கி. இது போனால் வேறு நாற்றில்லை, விதையுமில்லை, மறுபடி விதைத்து வளர்க்கப் பட்டமுமில்லை.

"மறியல் முடிஞ்சி போய்க்கலாம்னுதான் வூட்ல அவரு சொன்னாரு. நாத்து முத்திப்பூடும்க்கா. அதான் கெளம்பிட்டேன்" என்றாள்.

சின்னசேலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு கிழட்டுப் புளியமரம் கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. வளைவு திரும்பினால் இன்னும் இருக்கிறது என்றார்கள். மரத்தருகே பத்திருபது பேர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தை வெட்டியவர்கள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்களாம், இவர்கள் காவலாம். எங்களைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி போவாது. ஆனா யாரும் பட்டினி கெடக்க வேணாம்" என்றார். சொன்னபடியே சாயங்காலம் எல்லோருக்கும் புளிச்சோற்றுப் பொட்டலம் வந்தது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டில்கூட இத்தனை சீக்கிரம் இலை போடுவதில்லை.

தனபாக்கியத்துக்குச் சோற்றில் நாட்டமில்லை. கூரைமேல் ஏறிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். உச்சி வெயிலில் காய்ந்து வந்த நாற்று தலை தொங்கிக் கிடந்தது. பக்கத்து ஏரிக்கு ஓடிப் பார்த்தாள், தரை வெடித்துக் கிடந்ததாம். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் விவசாயிகள், அத்தனை பேருக்கும் வாய் இருந்தது. தண்ணீரைத் தெளி என்றார் ஒருவர். தெளித்தால் வெந்துவிடும் என்றார் இன்னொருவர். மாட்டுக்குப் போட்டுவிட்டு வேறு வேலை பார் என்றார் மூன்றாமவர். அவருக்கு மாடும் இல்லை, நாற்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

"தெளிக்கிறதெல்லாம் வேணாம். வேர சேத்துல தோய்க்கணும், நுனிய கிள்ளணும்" என்றாள் தனபாக்கியம். "வேருக்கு வரும்படி இல்லாதப்ப எலைக்கு இன்னாத்துக்கு செலவு?"

சேற்றுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஓட்டுநரிடம் ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த கேன் இருந்தது. அவர் அதைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார்.

"வண்டிக்கும்மா இது. வண்டி சூடாச்சுன்னா எங்க போறது?"

"வண்டிதான் நிக்குதே அண்ணே. நிக்கிற வண்டி எப்படி சூடாவும்?" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கேனை எடுத்து நீட்டினார்.

சாலையோரம் குழி பறித்து, செம்மண்ணைக் குழைத்து, கட்டுக் கட்டாக வேரைத் தோய்த்து, நனைந்த சாக்கில் சுற்றினோம். அதற்குமுன் நுனி கிள்ள வேண்டும். ஒரு கட்டில் ஆயிரம் நாற்று. நான் உட்கார்ந்தேன். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஆய்ந்து பழகிய கை, இதற்காவது உதவட்டும். என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். நடத்துனர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குந்தினார். கொஞ்ச நேரத்தில் கோஷம் போட்டவர்களில் சிலரும் வந்து, கோஷத்துக்கு நடுநடுவே கிள்ளினார்கள். மாட்டுக்குப் போடச் சொன்னவர் மட்டும் நின்றபடி எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். காலையில் வண்டி போகாது என்று உறுதியானது. என் மூட்டைகளை ஓட்டுநர் பொறுப்பில் வண்டியில் பூட்டிவைத்துவிட்டு, தனபாக்கியத்தின் வீட்டில் தங்கிக்கொள்வதாக முடிவு செய்தேன். அவள்தான் வற்புறுத்தினாள். அந்தத் திசையில் போகிறவர்கள் ஆளுக்கொரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டோம். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒரு நாற்று ஊர்வலம். என் தலையிலிருந்து முகத்தில் சேறு வழிந்தது. இதைக் கும்பகோணத்தில் யாரும் பார்க்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கட்டுகளைப் போகிற வழியில் அவள் நிலத்துக் கிணற்றடி நிழலில் இறக்கிவைத்துவிட்டு, ஊருக்குள் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவரு?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

"மாணிக்கமா? கொல்லைக்குப் போய்க்கீறாரு. கருக்கல்ல போனவரு."

"இன்னும் வரலியா?"

"நேத்தும் அப்படித்தான். காத்தால போனாரு, பொழுது சாஞ்சிதான் வந்தாரு."

எனக்கு மனசு துணுக்கென்றது. எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவதென்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இரண்டு நாளாகக் காலையிலிருந்து மாலைவரை ஒரு மனிதன் கொல்லையிலேயே இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

"ஏம்மா, சும்மா பேசிக்கிட்டிருக்கீங்களே! மாதுளம் ஓடு இருக்கா வீட்ல? மோர்ல அரைச்சுக் கொடுக்கணும். கடுக்காய் மட்டும் கொடுத்துடாதீங்க, இன்னும் போகும். மனுஷனுக்கு நீர்ச்சத்தே இருக்காதே" என்று படபடத்தேன்.

இருவரும் விழித்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து தனபாக்கியத்தின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள், செல்வி என்று பேர். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். அந்தப் பக்கத்தில் நஞ்சைக்குக் கழனி என்று பேர், மானாவாரிப் புன்செய்க்குக் கொல்லை என்று பேர். கொல்லைக்குப் போவதென்றால் நிலத்துக்குப் போவது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து முறத்திலிருந்த நெல் பாதி கீழே போயிற்று.

தனபாக்கியமும் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள். "நாங்க கொல்லை வழியாதானே வர்றோம். அங்க யாருமே இல்லியே" என்றாள்.

அந்த நேரத்தில்தான் மாணிக்கம் வந்தார். தோளில் கோடாலி. தலைமுடி முழுக்கப் புளிய இலை. அவர் எங்கே போயிருந்தார் என்பதை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மரம் வெட்டுகிறவர்களைப் போலீஸ் தேடியதால் கொல்லைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஊர் ஆண்கள் எல்லோரும் சாலைக்குத்தான் போயிருக்கிறார்கள். அவர் பெண்டாட்டி வந்த பஸ்ஸை நிறுத்திய அந்தக் கிழட்டுப் புளியமரத்தையும் அவர்தான் வெட்டியிருக்கிறார்.

தனபாக்கியத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம நாத்து எந்த பஸ்ஸுல வருதுன்னு கூடவா தெரியாது ஒனக்கு? ரா முச்சூடும் ரோட்டுல கெடந்துது!"

"மறியல் முடிஞ்சி வான்னு சொன்னேனா இல்லியா? நீ உங்க அக்கா வூட்லயே தங்கிட்டன்னு நெனச்சேன்."

"நாத்துக்கு வயசு ஏறிக்கினே போவுது. உன் ஒதுக்கீட்டுக்கா வயசு ஏறுது?"

"நம்ம பொண்ணுக்கு ஏறல?" என்றார் மாணிக்கம்.

செல்வி சிரிப்பை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். வாத்தியார் பயிற்சிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் வீட்டிலிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது, இருவர்மேலும் இரக்கமும் வந்தது. யாருடைய கட்சி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டு மாணிக்கம் நேரே கிணற்றடிக்குப் போனார். வெயில் இறங்கட்டும் என்று காத்திருந்து, பொழுது சாயும் நேரத்தில் நட்டோம். கட்டைப் பிரித்தால் பாதிக்குமேல் துவண்ட கந்தல்துணி. அழுகியதைக் கழித்து மற்றதை வைத்தோம். நெருக்கி நட நாற்றில்லை. "கலக்க, எட்ட எட்ட நட்டாலே போதும்க்கா, நெருங்குனா ஒன்னோட ஒன்னு தண்ணிக்கு சண்ட போடும்" என்றாள் தனபாக்கியம். அதை அவள் எனக்குச் சொன்னாளா, தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. நான் நட்டதில் ஒரு வரிசை கோணிக்கொண்டது. செல்வி பின்னால் வந்து திருத்தினாள்.

அதற்குப் பிறகு வழி திறக்கவில்லை, நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று செல்வி சொல்லிக்கொடுத்தாள். முதல் உருண்டை தொண்டையில் நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது, இரண்டாம் நாள் வழி பழகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"அக்கா, அவர சோறு துன்ன சொல்லுங்க."

"பசிக்கலன்னு சொல்லுங்க."

"பசிக்கலைன்னா கொழம்பு ஏன் கம்மியாவுதுன்னு கேளுங்க."

இந்தத் தபால் வேலைக்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

நட்ட மறுநாள் போய்ப் பார்த்தபோது நிலத்தில் நாற்று இருப்பதே தெரியவில்லை. எல்லாம் மண்ணோடு படுத்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. நிலத்துக்காரரின் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து வரப்பில் ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார். தனபாக்கியம் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் ஊர்ப் பக்கமாக இருந்தால் நான் அப்போதே இரண்டு குடமாவது கொண்டுவந்து ஊற்றியிருப்பேன். கை பரபரத்தது. "நட்ட மூணாம் நாளுதான் உயிர்த்தண்ணி வுடணும், நாளைக்கு. இப்ப ஊத்துனா அழுவிடும்" என்று தடுத்துவிட்டாள்.

உயிர்த்தண்ணீர் விடும் நாள் வந்தது. கிணற்றில் இரண்டு நாளாக ஊறிய தண்ணீர் இருந்தது. நிலம் முழுக்கப் பாயாது, பாதிக்குத்தான் வரும். எந்தப் பாதி என்று தனபாக்கியம் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். கிணற்றோரப் பாதியைக் காப்பாற்றினால் மேட்டுப் பாதி போய்விடும். பாதி பச்சையைக் காட்டினால் நிலத்துக்காரர் ஒப்புவாரா?

மாணிக்கம் மண்வெட்டியோடு வந்தார். நாற்று வரிசைகளுக்கு நடுவே ஓடிய உழவுச் சால்களில் ஒன்றை மண் போட்டு அடைத்தார். அடுத்ததைத் திறந்துவிட்டார். அதற்கடுத்ததை மறுபடி அடைத்தார். ஒரு சால் விட்டு ஒரு சாலாகத் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ச்சல். "ஒரு பக்கம் வேரு குடிச்சா போதும். இன்னொரு பக்கத்து வேரு தேடிக்கினு கீழ போவும்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார் என்னிடம். அவள் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள். நான் சொல்லவில்லை. அவளே போய் அடுத்த சாலின் மடையைக் காலால் மிதித்து அடைத்தாள். இஞ்சின் இருமி நின்றபோது கடைசிச் சாலின் முனைவரை மண் நனைந்திருந்தது.

மறுநாள் காலையில் செல்விதான் முதலில் ஓடினாள். நாங்கள் போய்ச் சேரும்போது நிலத்தின் நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய இலைகள் இன்னும் மண்ணில்தான் கிடந்தன. ஆனால் கிள்ளிய இடத்துக்கு நடுவிலிருந்து, ஊசிபோல, ஒரு குருத்து. பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக நிலம் முழுக்கத் தெரிந்தது. செத்தது சில இடத்தில் சொட்டை சொட்டையாக இருந்தது, அதை மறைக்க முடியாது. மற்றதெல்லாம் எழுந்து நின்றிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் சொந்தக் கடைக்கு ஒரு லாரி நிறையச் சரக்கு வந்தாலும் இப்படி வராது.

வழி திறந்துவிட்டது, மரங்களை அப்புறப்படுத்துகிறார்கள் என்று வரப்பில் போன ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கட்ட மறியலுக்கு இப்போதே ஆள் சேர்க்கிறார்களாம், மாணிக்கத்தைச் சாயங்காலம் வரச் சொன்னார்களாம். மாணிக்கம் குனிந்து மண்ணைப் பார்த்தார்.

செல்வி பக்கத்தில் முழங்காலிட்டிருந்த தனபாக்கியம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அவரிடம் பேசினாள்.

"நானும் வரேன்."

"நீ எங்க?"

"மறியலுக்குதான். பொண்ணு ஒனக்கு மட்டுமா பொறந்துச்சு? மரத்த வெட்டாதீங்க. நாங்க பொம்பளைங்க வந்து ரோட்டுல குந்திக்கிறோம்."

"போலீஸு வந்து இழுத்துப் போடுவான்."

"போடட்டும். நாத்துக்கட்டோட ஒருத்தி வந்தான்னா, மரம் எழுந்து அவளுக்கு வழி வுடுமாய்யா? நாங்க வுடுவோம்."